மேலிருந்து பார்த்த மீன்

மீனியல் நூல் எதையாவது எடுத்துப் புரட்டுங்கள். படத்தில் இருக்கும் மீன் அநேகமாக இடப்பக்கம் தலை வைத்திருக்கும். துடுப்புகள் விரிந்திருக்கும், வால் பிரிந்திருக்கும், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவரைப் போல உடம்பில் ஓர் அசைவும் இருக்காது. செதில்களை எண்ணவும், ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு ஒப்பிடவும் அறிவியலாளர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. அவர்களுக்குத் தேவை இருக்கிறது. ஓவியம் வரைகிறவர்களுக்கு என்ன வந்தது? மீன் வரை என்றால் ஐந்து வயதுக் குழந்தையும் பயிற்சி பெற்ற ஓவியரும் வரைவது ஒரே மீனைத்தான்: பக்கவாட்டில், முழுதாக, ஒற்றைக் கண்ணோடு.

வரப்போகும் என் கண்காட்சி முழுக்க மீன்தான். சுவரில் ஓவியங்கள், கீழே கையால் செய்த மண்கலங்கள். பார்க்க வருகிறவர்கள் ஓவியத்தை முக்கியமென்றும் கிண்ணங்களை உடன் வந்த சில்லறை என்றும் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். உள்ளபடி நடந்தது நேர்மாறு. இந்த ஓவியங்கள் இப்படி ஆனதற்குக் காரணமே களிமண்தான்.

முதலில் ஒரு பழைய விஷயம். கண்ணாடித் தொட்டி வருவதற்கு முன் மனிதர்கள் உயிருள்ள மீனை எப்படிப் பார்த்தார்கள்? கரையில் நின்று, படகிலிருந்து குனிந்து, குளத்துப் படியில் உட்கார்ந்து. எல்லாமே மேலிருந்து பார்ப்பது. தெரிவது கரிய முதுகு, அலையும் வால், சட்டென்று புரளும்போது ஒரு மினுக்கல். முத்துக் குளிப்பவர்களை விட்டுவிட்டால், பக்கவாட்டில் நிதானமாகப் பார்க்க ஆசைப்பட்ட எவருக்கும் கிடைத்தது செத்த மீன்தான். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்காட்சிக் கூடம் திறந்தார்கள். கண்ணுக்கு நேராக நீந்தும் மீனைப் பொதுமக்கள் நின்று பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது. நமக்கு மிக இயல்பாகத் தோன்றும் அந்தப் பக்கவாட்டுத் தோற்றத்துக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை.

அதனால்தான் பழைய ஐரோப்பிய ஓவியங்களில் மீன் என்றால் பெரும்பாலும் சமையலறை மேசை. ஷார்டன் 1728இல் பிரெஞ்சு ஓவிய அகாதமியில் சேரும்போது அளித்த திருக்கை மீன் படம் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொக்கியில் மாட்டி, வயிறு கிழித்துத் தொங்கவிட்ட திருக்கை. அதன் அடிப்பக்கம் மனித முகம்போல் நம்மைப் பார்த்துச் சோகமாகச் சிரிக்கும். கண்கள் என்று நாம் நினைக்கும் அந்த இரண்டும் மூக்குத் துளைகள்; உண்மையான கண்கள் மறுபக்கம் இருக்கின்றன. மிகச் சிறந்த படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அது இறைச்சியின் ஓவியம். நீந்துகிற ஒன்றின் ஓவியம் இல்லை.

சீனாவில் கதை வேறு விதமாகப் போனது. சோங் அரச மரபின் காலத்தில் (960–1279) குளங்களில் வளர்க்கப்பட்ட தங்கமீன், மிங் காலத்தில் (1368–1644) வீட்டுக்குள் வந்து மண்தொட்டியிலும் பீங்கான் தொட்டியிலும் குடியேறியது. சுற்றிலும் மூடிய பாத்திரம். பார்க்க இருந்த வழி வாய்ப்பக்கம் மட்டும். ஆகவே மேலிருந்து பார்க்க எது அழகோ அதையே பொறுக்கியெடுத்து இனம் பெருக்கினார்கள். இரண்டாகப் பிரிந்த வால், பக்கத்துக்கொன்றாகப் புடைத்த கண்கள், அகன்ற முதுகு எல்லாம் அப்படி நிலைபெற்றவை. அந்த மீனைப் பக்கவாட்டில் பார்த்தால் பாதி அழகு தெரியாது. ஒரு குயவர் வனைந்த பாத்திரம், தனக்குள் நீந்திய உயிரின் உடம்பையே மாற்றியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு கிண்ணங்களைச் சில்லறை என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

மேலிருந்து பார்ப்பதில் இன்னொன்றும் இருக்கிறது. ஓவியருக்கு இதுதான் முக்கியம். மீன் நீந்தும்போது உடம்பை இடமும் வலமுமாக வளைக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வளைவு கண்ணுக்குச் சிக்காது. மேலிருந்து பார்த்தால்தான் தலையில் தொடங்கிய அலை முதுகு வழியாக ஓடி வாலில் முடிவது முழுதாகத் தெரியும். பக்கவாட்டில் வரைகிறவர்கள் அசைவைக் காட்ட வேண்டுமே என்று வாலை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைத்துவிடுகிறார்கள். வாலை மேலும் கீழும் அடிப்பது திமிங்கிலமும் டால்பினும். அவை மீனே இல்லை. எத்தனை சுவரோவியங்களில், எத்தனை வாழ்த்து அட்டைகளில் கெண்டை மீன்கள் டால்பின் மாதிரி துள்ளிக்கொண்டிருக்கின்றன என்று ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. மன்னிக்கவும், உங்களுக்கும் அந்தத் தொல்லையைத் தொற்றவைத்துவிட்டேன்.

பக்கவாட்டு மீனை நான் அடியோடு விட்டுவிடவில்லை. கண்காட்சியில் அதுவும் இருக்கிறது. வெள்ளி நிறம் படும் பாட்டைப் பக்கவாட்டில்தான் வரைய முடியும். சந்தையிலிருந்து முழு மீனாக வாங்கி வந்து, ஈரத் துணி விரித்த தட்டில் வைத்து, ஜன்னலோரம் ஒரே பக்க வெளிச்சத்தில் வரைவது என் வழக்கம். முதலில் நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வடிவம் மாலை வரை காத்திருக்கும், நிறம் காத்திருக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகின் பச்சை மங்கிச் சாம்பலாகும், செவுள் மூடியின் இளஞ்சிவப்பு போய்விடும், கண் குழிந்து பால் பூத்துவிடும்.

மீனின் வெள்ளி நிறத்துக்குச் சாயம் காரணம் இல்லை. தோலில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்கள் கண்ணாடித் தகடுகளாக நின்று வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. எதிரில் என்ன நிறம் இருக்கிறதோ அதையே கொஞ்சம் குளிர்ச்சியாக்கிக் காட்டும். ஆகையால் குப்பியில் விற்கும் வெள்ளிச் சாயத்தைப் பூசினால் கிடைப்பது தகர டப்பா. நான் வெள்ளியைத் தொடுவதே இல்லை. பிரஷ்யன் நீலத்தோடு சுட்ட சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் வரும் சாம்பல் அடிப்படை. அதன்மேல் மிகக் கருத்த பட்டையும் மிக வெளுத்த பட்டையும் இடையில் எந்தச் சமாதானமும் இல்லாமல் ஒன்றையொன்று முட்ட வேண்டும். அந்த முட்டும் விளிம்பில்தான் பளபளப்பு பிறக்கிறது. விளிம்பைத் தேய்த்து மென்மையாக்கினால் போச்சு. வயிற்றுப் பக்கம் தட்டிலிருந்து எதிரொளிக்கும் துணியின் நிறத்தைத் துளி சேர்ப்பேன். மீன் அந்த இடத்தில்தான் கிடக்கிறது என்று அது ஒன்றே சொல்லிவிடும்.

செதிலைப் பற்றி ஒரு வார்த்தை. மீன் வளரும்போது செதில்கள் பெரிதாகும். எண்ணிக்கை பொதுவாகக் கூடுவதில்லை. உடம்பின் பக்கத்தில் தலையிலிருந்து வாலை நோக்கி ஓடும் பக்கக்கோட்டின் வழியே எத்தனை செதில் என்று எண்ணி இனத்தையே அடையாளம் காண்கிறார்கள். எனவே பெரிய மீன் வரைகிறோம் என்று சின்னச் சின்னச் செதிலாக நிரப்பினால் அது வேறு ஏதோ மீனாகிவிடும். நான் பக்கக்கோட்டை முதலில் இழுத்துக்கொண்டு, வெளிச்சம் உடையும் இடத்தில் மட்டும் சில வரிசைகளைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். மீதியைப் பார்க்கிறவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

கண் வேறு விவகாரம். பெண்ணின் கண்ணுக்குக் கயலை உவமை சொல்லியே பழகியவர்கள் நாம். கயலின் கண்ணை யார் உற்றுப் பார்த்தோம்? காற்றில் கிடக்கும் மீனின் கண்ணில் ஜன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். தண்ணீருக்குள் அது விழாது. மீனின் விழிப்படலமும் தண்ணீரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால் அந்தப் பரப்பில் பிரதிபலிப்பு எழுவதே அரிது. நீந்தும் மீனை வரைந்துவிட்டு, உயிர் வரட்டும் என்று கண்ணில் வெள்ளைப் பொட்டு வைக்கிறார்களே, அந்தப் பொட்டுதான் மீனைக் கரைக்கு இழுத்துப் போடுகிறது.

அண்ணன் மகள் பட்டறைக்கு வரும்போதெல்லாம் கேள்வியோடுதான் வருவாள்.

"அத்தை, இந்த மீனுக்கு ஏன் கண்ணில் வெளிச்சம் இல்லை?"

"இது தண்ணீருக்குள் இருக்கிறது."

"அந்தப் பெரிய படத்தில் இருக்கிறதே?"

"அது தட்டில் இருக்கிறது."

அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியானால் அதற்குப் பெயர் வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீருக்குள் இருக்கும் மீன்களுக்கெல்லாம் அவள் பெயர் வைத்திருக்கிறாள். காட்சிக்கூடத்தின் தலைப்பு அட்டைகளில் அவற்றைப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி மண். நான் சக்கரத்தில் வனைவதில்லை. எனக்கு வேண்டியது அகன்ற, ஆழம் குறைந்த கலங்கள். அவற்றைக் களிமண்ணைக் கயிறாக உருட்டி, வட்டமாக அடுக்கி, விரலால் இழைத்து எழுப்புகிறேன். சக்கரம் தரும் கச்சிதமான வட்டம் மீனுக்குப் பிடிக்காது என்பது என் சொந்த மூடநம்பிக்கை. கையால் எழுப்பிய கிண்ணத்தில் எங்காவது ஒரு பக்கம் தளர்ந்திருக்கும், ஒரு பக்கம் இறுகியிருக்கும். அந்தத் தளர்ச்சியில் மீன் திரும்பும்.

பிசைவது அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. காற்றுக் குமிழும் ஏற்றத்தாழ்வான ஈரமும் உள்ளே இருந்தால் சுவர் ஒரே சீராக எழும்பாது. உலர்த்துவது அதைவிடப் பொறுமை கேட்கும். அகன்ற தட்டில் விளிம்பு முதலில் காயும், நடு இன்னும் ஈரமாக இருக்கும். காய்ந்த பகுதி சுருங்க, காயாத பகுதி இழுக்க, தட்டு கோணிக்கொள்ளும் அல்லது வெடிக்கும். அதனால் விளிம்பை மட்டும் பிளாஸ்டிக் உறையால் மூடி, நடுவைத் திறந்து வைப்பேன். மண்ணைப் பொறுத்து, ஈரத்திலிருந்து கடைசிச் சூடு வரைக்கும் பத்தில் ஒரு பங்குக்குமேல் சுருங்கும் கலங்கள் உண்டு. வரைந்த மீனும் கூடவே சுருங்கும்.

வரைவதற்கு ஒரு பதம் இருக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு சுத்தமாக விழ வேண்டும். அந்த நேரத்தில் சிவந்த மண்மேல் வெண்களிக் குழம்பைப் பூசி, அது மங்கியதும் ஊசியால் கீறுவேன். கீறிய இடத்தில் அடியிலிருக்கும் சிவப்பு எட்டிப் பார்க்கும். பவுல் க்ளே 1925இல் வரைந்த மீன் ஓவியம் ஒன்றில் வண்ணங்களின்மேல் கறுப்பைப் பூசி, பிறகு சுரண்டிச் சுரண்டி மீன்களை வெளியே எடுத்திருக்கிறார். இருட்டான ஆழத்தில் அவை தாமாக ஒளிர்வதாகத் தோன்றும். ஓவியத்தில் சுரண்டுவதை நான் கிண்ணத்திலிருந்து கற்றுக்கொண்டேன். ஒருவேளை அவரும் அப்படித்தானோ என்று நினைத்துக்கொள்வதில் எனக்கொரு சந்தோஷம், ஆதாரமெல்லாம் கேட்காதீர்கள்.

கிண்ணத்துக்குள் வரைய உட்கார்ந்தால் பக்கவாட்டு மீன் உடனே தகராறு செய்யும். அடிப்பகுதி குழிவு, சுவர் சரிவு. நேர்கோட்டு முதுகு அங்கே உட்காராது. வளைந்துதான் ஆக வேண்டும். வளைந்துவிட்டால் அது மேலிருந்து பார்த்த மீனாகிவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு முன்பே பலருக்கு நடந்திருக்கிறது. சீனாவின் பன்போவில் கிடைத்த ஆறாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட யாங்ஷாவ் பண்பாட்டுக் கலங்களில், உட்புறச் சுவரில் மீன்கள் சுற்றி வருகின்றன. கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் செய்த மீன் தட்டுகளில் நடுவில் ஒரு சிறு குழி, அதைச் சுற்றி மீன்கள். ஏதென்ஸ் வட்டாரத் தட்டுகளில் மீன்களின் வயிறு விளிம்பைப் பார்த்திருக்கும்; தென் இத்தாலியத் தட்டுகளில் வயிறு குழியைப் பார்த்திருக்கும். எதனால் என்பதைவிட, வட்டத்துக்குள் மீனுக்கு மேல் கீழ் கிடையாது, உள் வெளிதான் உண்டு என்பதை இரண்டு ஊர்க் கைவினைஞர்களும் கண்டுகொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

கலத்தின் வெளிச்சுவரில் வரைந்தால் வேறொன்று நேரும். தலை இந்தப் பக்கம் இருந்தால் வால் அந்தப் பக்கம். எங்கே நின்றாலும் முழு மீன் கிடைக்காது. ஆள் சுற்ற வேண்டும், அல்லது கலத்தைத் திருப்ப வேண்டும். குளத்தில் பார்க்கும் மீனும் அப்படித்தானே? ஒரு முழு மீனை நாம் எப்போது பார்த்தோம்? இதை உணர்ந்த பிறகுதான் சுவர் ஓவியங்கள் மாறின. கான்வாஸைத் தரையில் கிடத்தி, குனிந்து வரையத் தொடங்கினேன். மீன்கள் ஓரங்களைத் தாண்டி வெளியே போயின. சிலவற்றில் முதுகு மட்டும், ஒன்றில் வால் அடித்துவிட்டுப் போன கலங்கல் மட்டும். மத்தீஸ் 1912இல் வரைந்த, மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கும் தங்கமீன் ஓவியத்தில் கண்ணாடிச் சாடிக்குள் மீன்கள் பக்கவாட்டில் தெளிவாகத் தெரிகின்றன. நீரின் மேற்பரப்பில் அதே மீன்கள் சில சிவப்புத் தீற்றல்களாக இன்னொரு முறை தெரிகின்றன. என்னைக் கேட்டால் உயிர் இருப்பது அந்தத் தீற்றல்களில்.

வண்ணம் என்று வரும்போது ஓவியரின் ஆணவத்தைச் சூளை ஒரே நாளில் அடக்கிவிடும். கோபால்ட் ஆக்சைடு கறுப்பாக இருக்கும்; நீலமாக வெளிவரும். அதுவும் கிளேஸில், அதாவது கலத்தின்மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சில், நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தாலே ஆழ்ந்த நீலம். கூடினால் கிட்டத்தட்ட கறுப்பு. இரும்பு கொஞ்சமாக இருந்து, சூளையில் காற்று குறைந்தால் இளம்பச்சை. நிறைய இருந்தால் கரும்பழுப்பு. செம்பு, காற்று தாராளமாக இருந்தால் பச்சை, மறித்தால் சிவப்பு. கண்ணால் பார்த்துக் கலக்க வழியில்லை. மனத்தில் சுட்டுப் பார்த்துத்தான் பூச வேண்டும். மிங் காலத்து ஜியாஜிங் ஆட்சியில் (1522–1566) செய்த புகழ்பெற்ற மீன் சாடிகளில் கெண்டைகளுக்குத் தகதகக்கும் ஆரஞ்சு நிறம். அந்த நிறத்துக்குத் தனிச் சாயம் அவர்களிடம் இல்லை. முதலில் மஞ்சளைப் பூசிச் சுட்டு, அதன்மேல் இரும்புச் சிவப்பைப் பூசி மறுபடி சுட்டிருக்கிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குயவர் பெர்னார் பாலிசி இன்னும் தீவிரம். கிளேஸின் ரகசியம் தேடி, விறகு தீர்ந்தபோது வீட்டு மேசைகளையும் தரைப் பலகைகளையும் சூளையில் போட்டு எரித்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். மீன், பாம்பு, தவளை எல்லாவற்றையும் நிஜத்திலிருந்தே அச்செடுத்துத் தட்டில் பதித்தவர். அத்தனைத் துல்லியம்! ஆனால் அவர் மீன்கள் நீந்தவில்லை.

முதல் சுடலில் நூறு டிகிரியை அவசரப்படாமல் கடக்க வேண்டும். ஈரம் நீராவியானால் சுவரை உடைத்துக்கொண்டு வரும். 573 டிகிரியில் மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் வடிவம் மாறிச் சட்டென்று விரியும். குளிரும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆறுவதற்கு முன் சூளைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இந்தத் தொழிலில் பாதி. ஆயிரம் டிகிரியை ஒட்டி முதல் சுடல், பிறகு கிளேஸ் பூசி 1,200க்கு மேலே இரண்டாம் சுடல். அந்தச் சூட்டில் மண் இறுகி, நீர் கசியாத கலமாகிறது.

நீர் கசியாது என்பதுதான் இப்போது காட்சிக்கூடத்தோடு எனக்கு நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தையின் மையம். ஓவியங்களைத் தொங்கவிடுவதில் சிக்கல் இல்லை. படத்தின் நடு தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டரில் வர வேண்டும் என்பது எல்லாக் கூடங்களிலும் ஏறக்குறைய ஏற்றுக்கொண்ட கணக்கு. விளக்கைச் சாய்த்து வைத்தால் பளபளப்பு கண்ணைக் குத்தாது. தரையில் கிடத்தி வரைந்தவற்றைச் சுவரில் மாட்டாமல் தாழ்ந்த மேடைகளில் கிடத்தியே வைக்கலாம் என்றேன். தூசு விழும், பை இடிக்கும் என்று முகம் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார்கள். கிண்ணங்களை முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே வைப்பதற்கும் சம்மதம். அப்போதுதான் எல்லாரும் குனிவார்கள்.

ஆனால் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும் என்றதும் பொறுப்பாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். தரை மரத் தரை. அவர் கவலை நியாயமானது. என் பக்கமும் நியாயம் உண்டு. தண்ணீர் ஊற்றியதும் கிண்ணத்தின் அடி மேலேறி வந்து, உள்ள ஆழத்தில் முக்கால் பங்கே இருப்பதாகத் தோன்றும். ஒளி வளைவதன் வேலை அது. கீழே கிடக்கும் மீனும் கூடவே எழும். கிளேஸின் நீலம் கனக்கும். யாராவது மேடையோரம் நடந்தால் நீர் நடுங்கும், மீன் அசையும். ஓவியத்தில் நான் எவ்வளவு மல்லுக்கட்டியும் வராத அசைவு. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாதென்று ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய், அவர் மேசையிலேயே வைத்து, குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தேன். அவர் கொஞ்சம் குனிந்து பார்த்தார். மேசையை விரலால் தட்டினார், இன்னொரு முறை தட்டினார்.

ஒரு கிண்ணத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது. காலையில் ஊற்றுவதும் மாலையில் வடிப்பதும் தரையைத் துடைப்பதும் என் பொறுப்பு. இரண்டாவது கிண்ணத்துக்காக இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.